அத்தைக்காக வாங்கிய இருபது இன்ச்

நம் வயதுக்காரர்களுக்கு இருபது இன்ச் டிவி எவ்வளவு பெரியது என்று விளக்க வேண்டியதில்லை. மரப்பெட்டி, நான்கு கால், முன்னால் இரண்டு பக்கமும் இழுத்து மூடும் ஷட்டர், ஷட்டருக்குப் பூட்டு, பூட்டுக்குச் சாவி. தூக்க இரண்டு ஆள் வேண்டும். இன்று சுவரில் தொங்கும் ஐம்பத்தைந்து இன்ச்சை நான் பெரியது என்று நினைப்பதில்லை. பெரியது என்ற சொல்லுக்கு என் மனத்தில் ஒரே அளவுதான். அது உத்திரமேரூர் பக்கம் பெருநகர் என்ற கிராமத்தில் எங்கள் வீட்டுக் கூடத்தில் நின்றது.

நான் ஆஸ்பத்திரிக் கருவிகளைப் பொருத்துவதும் பழுது பார்ப்பதுமான வேலையில் இருந்தவள். அதனால் கரண்டில் ஓடுகிற எதைப் பற்றியும் எனக்குத் தெரியும் என்று உறவுக்காரர்கள் நம்புகிறார்கள். டிவி வாங்கும் முன் போன் செய்கிறார்கள். நான் கேட்கும் முதல் கேள்வி, யார் பார்க்கப் போகிறார்கள், எங்கே உட்கார்ந்து பார்க்கப் போகிறார்கள் என்பதுதான். பெரும்பாலும் யாரும் அதை யோசித்திருப்பதில்லை. எங்கள் வீட்டில் யோசித்தோம். யோசித்தும் தவறவிட்டோம்.

நவரை நெல் அறுத்து முடித்த கோடை அது. நான் ஆறாம் வகுப்புக்குப் போகவிருந்தேன். வீட்டில் அப்பா, அம்மா, நான், தங்கை, அத்தை. அத்தை அப்பாவின் அக்கா. கல்யாணமான நாலாம் வருஷமே கணவரை இழந்து தம்பி வீட்டுக்கு வந்துவிட்டவள். அப்போது நாற்பத்தைந்து வயது இருக்கலாம். நெல் அவிப்பது, மாட்டுக்குத் தவிடு கலப்பது, அரிசி புடைத்துக் கல் பொறுக்குவது எல்லாம் அவள் பொறுப்பு. வாய் மட்டும் யாருக்கும் அடங்காது. ஆனால் தனக்கு என்று எதையும் கேட்கமாட்டாள். சோறு போட்டால் போதும் என்பாள், தீபாவளிக்குப் புடவை எடுத்தால் கட்டிகினு கீறதே போதும் என்பாள். தம்பி வீட்டில் இருக்கும் பெண் அப்படித்தான் சொல்ல வேண்டும் என்பது எங்கள் பக்கத்தில் எழுதாத சட்டம். அவள் போதும் என்று சொன்னால் இன்னும் ஒரு கரண்டி போட வேண்டும் என்று அம்மாவுக்குத் தெரியும். அப்பாவுக்கும் தெரியும். அவள் போதும் என்பதை யாரும் அப்படியே எடுத்துக்கொண்டதில்லை.

எங்கள் தெருவில் முதலில் டிவி வந்தது ரைஸ்மில்காரர் வீட்டில். பதினாலு இன்ச். ஞாயிற்றுக்கிழமை மாலை படத்துக்குத் தெருவே அங்கே கூடும். நாங்கள் பிள்ளைகள் டிவிக்கு ஓரடி தூரத்தில் உட்கார்ந்திருப்போம். அத்தை மட்டும் கூடத்துக்குள் வரமாட்டாள். வாசற்படியிலேயே உட்கார்ந்துகொள்வாள்.

"உள்ள வாயேன், அங்க இன்னா தெரியுது?" என்று யாராவது கூப்பிடுவார்கள்.

"இங்கதான் நல்லா தெரியுது. நீங்கல்லாம் மூஞ்சாண்ட போயி மோந்து பாக்கறீங்க" என்பாள்.

கூச்சப்படுகிறாள் என்று எல்லாரும் நினைத்தார்கள்.

ஒரு ஞாயிறு, படம் முடிந்து எழுந்து வரும்போது, வாசற்படி ஓரம் வைத்திருந்த தண்ணீர்ச் சொம்பை அத்தை உதைத்துவிட்டாள். சொம்பு உருண்டு, தண்ணீர் கூடத்துக்குள் ஓடி, விரித்திருந்த ஜமுக்காளம் நனைந்தது. மில்காரர் மனைவி முந்தானையை இடுப்பில் செருகிக்கொண்டு, "ஏம்மா, கண்ணு பொடனியிலயா கீது? போன வாரம் தட்டு, இந்த வாரம் சொம்பு. அடுத்த வாரம் டிவியவே ஒதச்சிடுவ போல" என்றாள். சிலர் சிரித்தார்கள். அத்தையும் சேர்ந்து சிரித்தாள். சொம்பை நிமிர்த்திவைத்துவிட்டு வந்தாள்.

நான் அதை வீட்டில் சொன்னேன். அப்பா சாப்பிட்டுக்கொண்டிருந்தார். கையைக் கழுவிவிட்டு வந்து, "எங்கக்கா எதுக்கு இன்னொருத்தர் வாசப்படியில ஒக்காந்துகினு பாக்கணும்?" என்றார். "அவங்களுது பதினாலா? நம்ம வூட்ல இருபது வாங்குறேன். எங்கக்கா மொதல் வரிசையில நாற்காலி போட்டு ஒக்காந்து பாக்கும்."

"வோணாம்டா தம்பி. எதுக்கு இந்த பேஜாரு?" என்றாள் அத்தை.

அவள் வேண்டாம் என்றதும் அப்பாவுக்கு முடிவு உறுதியாகிவிட்டது.

இங்கே என் பங்கைச் சொல்ல வேண்டும். எங்கள் வீட்டில் எழுதியிருப்பதைப் படித்துச் சொல்வது என் வேலை. பூச்சிமருந்து டப்பாவில் எத்தனை மூடி மருந்துக்கு எத்தனை குடம் தண்ணீர், பம்புசெட் மோட்டாரில் எந்தக் கம்பி எங்கே போக வேண்டும், பஸ் போர்டில் என்ன ஊர். அப்பா கையெழுத்து மட்டும் போடுவார். அதனால் டிவி விஷயமும் என்னிடம் வந்தது. கணக்கு நோட்டின் பின்பக்கத்தில் ஒரு பட்டியல் போட்டேன். திரை அளவு, ஷட்டர் உண்டா, ஸ்டெபிலைசர் தனியா, மெட்ராஸிலிருந்து இவ்வளவு தூரத்துக்கு ஆன்டெனாவில் பூஸ்டர் வேண்டுமா, யாருக்கு எது பிடித்திருக்கிறது. கடைசிக் கேள்விக்குக் கீழே வீட்டிலிருந்த ஒவ்வொருவருக்கும் ஒரு வரி. தங்கையின் வரியில் 'பெரியது' என்று நானே எழுதினேன். என் வரியிலும் அதேதான். ஷட்டர் சாவியை நானே வைத்துக்கொள்ளலாம் என்று அப்பா சொல்லியிருந்தார்.

அந்தக் கோடையில் தங்கைக்கும் எனக்கும் ஒரு விளையாட்டும் இருந்தது. யாருக்கும் தெரியாத விளையாட்டு. அத்தை முறுக்கு சுடும்போது பக்கத்தில் முறத்தில் எடுத்துப் போடுவாள். நாங்கள் அவள் தோளுக்குப் பக்கவாட்டில் நின்றுகொண்டு, கையை நீட்டி, சத்தமில்லாமல் ஒவ்வொன்றாக எடுப்போம். அவள் பார்க்கமாட்டாள். வளையல் சத்தம் வந்தால் மட்டும் "யாரது?" என்பாள். எங்கிருந்து கை நீட்டினால் தெரியாது, எங்கே வந்தால் தெரிந்துவிடும் என்று நான் சரியாகக் கண்டுபிடித்திருந்தேன். வாணலியின் காது ஒரு எல்லை. அதற்கு இந்தப் பக்கம் கை இருக்கும்வரை பயமில்லை. தங்கைக்குத் தரையில் கரித்துண்டால் கோடே போட்டுக் காட்டியிருக்கிறேன். அத்தைக்கு ஞாபகமறதி என்று அம்மா நினைத்தாள். "எண்ணி சுட்டேன், கொறையுதே" என்று அத்தை முறத்தைப் பார்த்துக்கொண்டு நிற்பாள்.

அவளுக்குக் கண்ணில் குறை என்று யாருக்கும் தோன்றவில்லை. தோன்றாததற்குக் காரணம் இருந்தது. எங்கள் பக்கத்தில் கண் சரியாக இருக்கிறதா என்று பார்க்க ஒரே சோதனைதான். ஊசியில் நூல் கோக்கச் சொல்வார்கள். அத்தை முதல் தடவையிலேயே கோப்பாள். தெருவிலிருக்கும் வயதானவர்கள் எல்லாரும் ஊசியும் நூலுமாக அவளிடம்தான் வருவார்கள். தெருவில் பக்கத்தில் வந்து சிரித்தவர்களை அவள் கவனிக்காமல் போனால் அது திமிர் என்று பெயர் வாங்கியது.

உத்திரமேரூர் பஜாரில் ஒரு பாய் கடை. ரேடியோ ரிப்பேர் கடையாக இருந்து டிவி விற்கத் தொடங்கியிருந்தது. மாலை ஒளிபரப்பு ஆரம்பிக்கும் நேரத்துக்கு அப்பா, அம்மா, அத்தை, நான் நாலு பேரும் பஸ்ஸில் போனோம். தங்கையைப் பக்கத்து வீட்டில் விட்டிருந்தோம். கடை நீளம் அதிகம், அகலம் குறைவு. ஈயப்பற்று வைக்கிற புகை வாசனையும் புது அட்டைப்பெட்டி வாசனையும் கலந்திருந்தன. இருபது இன்ச் வாசலுக்குப் பக்கத்திலேயே தரையில் நின்றது. பதினாலு இன்ச் உள்ளே, கடைசி அலமாரியில். இரண்டிலும் ஒரே படம் ஓடிக்கொண்டிருந்தது. ஒரு மீசைக்காரர் உரம் வைப்பதைப் பற்றிப் பேசிக்கொண்டிருந்தார்.

பாய் ஸ்டூல் போட்டு அத்தையை இருபது இன்ச்சுக்கு முன்னால் உட்காரவைத்தார்.

"எப்டி கீதுக்கா?"

அத்தை கொஞ்ச நேரம் பார்த்தாள். தலையை இந்தப் பக்கமும் அந்தப் பக்கமும் மெல்லத் திருப்பினாள். "மீச தெரியுது" என்றாள். "ஒரு ஆளு மீசைக்காகவா இவ்ளோ பெரிய பொட்டி வாங்கணும்?"

எல்லாரும் சிரித்தோம். பாயும் சிரித்தார். அத்தை உள்ளே கடைசி அலமாரியைக் காட்டி, "அது இன்னா டிவி? அதுல அந்தாளு முழுசா தெரியுறாரு. சட்ட, கையி, பின்னாடி கீற வரப்பு எல்லாம் தெரியுது. அது போதும்டா தம்பி" என்றாள்.

"நீ சும்மா இருக்கா. போதும் போதும்னுகினு" என்றார் அப்பா. அம்மா என்னைப் பார்த்துக் கண்ணடித்தாள். மறுபடியும் ஆரம்பித்துவிட்டாள் என்று அர்த்தம்.

பாய் மட்டும் சிரிப்பை நிறுத்தியிருந்தார். எங்களுக்கு வாங்கி வைத்திருந்த சோடாவில் ஒன்றை எடுத்துக்கொண்டு அத்தையின் பக்கவாட்டில் வந்து, எதுவும் சொல்லாமல் அவள் காதுக்கு நேராகப் பிடித்தார். அத்தை திரும்பவில்லை. பாட்டிலைக் கொஞ்சம் கொஞ்சமாக முன்னால் கொண்டுவந்தார். மூக்குக்கு நேராக வந்த பிறகுதான் அத்தை திடுக்கிட்டுக் கையை நீட்டினாள்.

"எப்ப வந்த பாய், பூன மாரி?"

பாய் அப்பாவைக் கொஞ்சம் தள்ளி அழைத்துப்போனார். ஆனால் அந்தக் கடையில் தள்ளிப்போக இடமில்லை. அவர் சொன்னது எல்லாருக்கும் கேட்டது.

"அண்ணே, தப்பா நெனக்காதீங்க. எங்கம்மாவுக்கும் இப்டிதான் ஆரம்பிச்சிது. நேரா கீறது நல்லா தெரியும், பக்கத்துல கீறது தெரியாது. இன்னிக்கு ஒண்ணுமே தெரியாது அவங்களுக்கு. டிவி எங்கயும் ஓடிப் போவாது. மொதல்ல அக்காவ மெட்ராஸ் கூட்டிகினு போயி கண்ணு டாக்டராண்ட காட்டுங்க. அப்பறம் வாங்கறதுன்னாலும், அவங்க சொல்ற சின்னதே போதும்."

கடைசி வார்த்தைகளை மட்டும் அவர் சொல்லாமல் இருந்திருக்கலாம். அப்பாவின் காதில் அதுதான் விழுந்தது. வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு பஸ்ஸில் வந்த ஆளைப் பார்த்து, சின்னதே போதும் என்று கடைக்காரர் முடிவு செய்துவிட்டார் என்று அப்பா எடுத்துக்கொண்டார்.

"பாய், நீ டிவி விக்கிறியா, கண்ணு பாக்குறியா? எங்கக்கா ஊசியில நூல் கோக்கும். பத்து மரக்கா அரிசியில ஒரு கல்லு இருந்தா எடுத்து வெளிய போடும்."

"எங்கம்மாவும் கோத்தாங்கண்ணே" என்றார் பாய். அவருக்குக் கோபம் வரவில்லை. என் பக்கம் திரும்பி, "பாப்பா, நீதான் எப்பவும் கூடவே கீற. அத்தைக்குப் பக்கத்துல வர்றது தெரியுதா?" என்று கேட்டார்.

அப்பா என்னைப் பார்த்தார். அம்மாவும் பார்த்தாள். கையில் கணக்கு நோட்டு விரித்தபடி இருந்தது. அத்தை என்ற பெயருக்கு எதிரே இன்னும் எதுவும் எழுதவில்லை. எனக்கு விடை தெரியும். அந்த ஊரிலேயே எனக்கும் தங்கைக்கும் மட்டும்தான் தெரியும். வாணலியின் காதுவரைக்கும் என்று அளவே சொல்லியிருப்பேன். சொன்னால் எப்படித் தெரியும் என்று கேட்பார்கள். முறுக்கு வெளியே வரும். அதோடு டிவியும் போகும், சாவியும் போகும். இவ்வளவையும் யோசிக்க எனக்கு நேரம் ஆகவில்லை.

"நல்லா தெரியும்" என்றேன்.

"கேட்டுக்கினியா பாய்?" என்றார் அப்பா.

பாய் அட்டைப்பெட்டியைத் தேடி உள்ளே போனார். நான் அத்தையின் வரியில் 'பெரியது' என்று எழுதினேன்.

டிவி மறுநாள் மாட்டுவண்டியில் வைக்கோல் மெத்தைமேல் வந்தது. கூடத்தில் சாமி படங்களுக்குக் கீழே வைத்து, மஞ்சளும் குங்குமமும் இட்டார்கள். கூரைமேல் இருபதடிக் குழாயில் ஆன்டெனா ஏறியது. முதல் ஞாயிறு மில்காரர் மனைவி உட்பட தெருவே எங்கள் வீட்டுக்கு வந்தது. அப்பா நாற்காலியைத் திரைக்கு நாலடி தூரத்தில் போட்டு அத்தையை உட்காரவைத்தார். மற்றவர்கள் எல்லாரும் தரையில், அவளுக்குப் பின்னால்.

"எப்டிக்கா?"

"மூக்கு வருது. அப்பால வாய் வருது. முழு மூஞ்சி வரல."

ஆன்டெனாவைத் திருப்பினார்கள். கூரைமேல் ஆள், முற்றத்தில் ஒரு ஆள், கூடத்தில் அப்பா.

"இப்ப வருதா?"

"கண்ணு ஒண்ணு வருது."

மறுபடி திருப்பினார்கள். எங்களுக்கு நன்றாகத் தெரிந்துகொண்டிருந்த படம் புள்ளிபுள்ளியாகிப் போனது. பின்னாலிருந்து யாரோ, "ஒரு ஆளுக்காக எல்லாருக்கும் படம் பூடுச்சி" என்றார்கள். அத்தை அதைக் கேட்டாள்.

"இப்ப வந்துடுச்சி தம்பி. எறங்கச் சொல்லு" என்றாள்.

அதற்குப் பிறகு சில வாரங்கள் அவள் நாற்காலியைவிட்டு எழுந்து, பின்னால் சமையலறை நிலைப்படியில் போய் உட்கார்ந்தாள். அங்கிருந்து அவளுக்குக் கொஞ்சம் தெரிந்திருக்க வேண்டும். அப்பாவுக்கு அது தாங்கவில்லை. "யாருக்காக வாங்குனேன் இத? வாசப்படியிலதான் ஒக்காருவேன்னா மில்லுக்காரர் வூட்டுக்கே போ" என்று ஒருநாள் சொல்லிவிட்டார். அன்றிலிருந்து அத்தை நாற்காலிக்கு வந்துவிட்டாள். முன்வரிசையில் நேராக உட்கார்ந்து, பாட்டைக் கேட்டுக்கொண்டிருப்பாள். நடுவில் என்னை இழுத்து, "அவ பக்கத்துல யாரு நிக்கிறது?" என்று கேட்பாள். "பாத்துகினுதான கீற, தெரியலயா?" என்று நான் எரிந்து விழுந்திருக்கிறேன். எத்தனை தடவை என்று எனக்குத் தெரியாது. அதை மட்டும் நான் எண்ணவில்லை.

இரண்டு வருஷம் கழித்து, களத்துமேட்டில் பக்கவாட்டிலிருந்து திரும்பிய வண்டியின் நுகத்தடி தோளில் இடித்ததில் அத்தை விழுந்தாள். எலும்பு முறிவுக்கு மெட்ராஸ் போன இடத்தில், கட்டுப் போட்ட டாக்டர்தான் முதலில் அவள் கண்ணைப் பார்த்தார். கண் டாக்டரிடம் அனுப்பினார். கண்ணுக்குள் அழுத்தம் கூடி, நரம்பு ஓரத்திலிருந்து செத்துக்கொண்டே வந்திருக்கிறது, நடுவில் ஊசிமுனை அளவுதான் மீதி, அதுவும் நிற்காது என்றார்கள்.

"ஊசியில நூல் கோக்குமே டாக்டர்" என்றார் அப்பா. அதையே மூன்று தடவை சொன்னார்.

"போன பார்வை வராது. ரெண்டு வருஷம் முன்னாடி வந்திருந்தா, இருந்ததை இருக்கிறபடி நிறுத்தியிருக்கலாம். சொட்டு மருந்துதான்" என்றார் டாக்டர்.

எனக்குப் பதின்மூன்றாவது வயது தொடங்கியிருந்தது. ரெண்டு வருஷத்தைப் பின்னால் எண்ணிப் பார்க்கத் தெரியும்.

அத்தைக்குப் பார்வை முழுவதும் போன பிறகு, அப்பா அந்த நாற்காலிக்குப் பக்கத்தில் தரையில் உட்கார்ந்து படத்தைப் பார்த்துப் பார்த்துச் சொல்வார். அதிகம் பேசாத மனிதர். "இப்ப அந்தம்மா அழுவுது" என்பார்.

"அழுவுறது காதுல கேக்குது. எதுக்கு அழுவுதுன்னு சொல்லு" என்பாள் அத்தை.

பின்னாளில் என் வேலையில், பார்வை எவ்வளவு அகலம் என்று அளக்கும் கருவியைப் பொருத்தும் பயிற்சி வந்தது. கிண்ணம்போல இருக்கும். மோவாயை வைத்து நடுப்புள்ளியையே பார்க்க வேண்டும். ஓரங்களில் சின்ன வெளிச்சம் தோன்றும்போது பொத்தானை அழுத்த வேண்டும். முதல் தடவை என்னையே வைத்துச் சோதித்தார்கள். அன்று அறைக்குத் திரும்பி ஒரு கணக்குப் போட்டேன். மில்காரர் வீட்டு வாசற்படியிலிருந்து பன்னிரண்டடி தூரத்தில் பதினாலு இன்ச் திரை, கண்ணில் ஐந்து டிகிரிக்கும் குறைவான இடத்தைத்தான் அடைக்கும். எங்கள் கூடத்தில் நாலடி தூரத்தில் இருபது இன்ச், பத்தொன்பது டிகிரி. நான்கு மடங்கு. வாசற்படியில் அவளுக்கு முழுப் படம் தெரிந்திருக்கிறது. நாங்கள் அன்போடு நாற்காலி போட்டு ஒரு மூக்கைக் காட்டினோம். அவள் சொன்னது எல்லாம் சரியான அளவுகள். மீசை தெரியுது என்றாள். சின்னது போதும் என்றாள். ஒரு நோயாளி அதைவிடத் துல்லியமாகச் சொல்ல முடியாது.

எனக்குக் கல்யாணம் நிச்சயமான சமயம், ஊருக்குப் போயிருந்தபோது, அத்தையிடம் சொன்னேன். அவள் பின்கட்டில் உட்கார்ந்து, கையால் தடவித் தடவி புளிக்குக் கொட்டை எடுத்துக்கொண்டிருந்தாள். பாய் கேட்டது, நான் சொன்னது, முறுக்கு, கரிக்கோடு எல்லாம். வரிசையாகச் சொன்னேன். எனக்கு வேறு மாதிரி சொல்லத் தெரியாது.

அவள் கை நிற்கவில்லை. "பாய் கேட்டது எனக்கும்தான் காதுல வியுந்துது. நான் மட்டும் வாயத் தொறந்தனா?" என்றாள். "தெரியலன்னு சொன்னா அப்பறம் அடுப்பாண்ட வுடுவாங்களா? ஒல கொதிக்குது, தள்ளி நில்லும்பாங்க. வேலயும் இல்லன்னா அந்த வூட்ல நான் யாரு?"

புளியங்கொட்டையை ஒரு பக்கம் தள்ளிவைத்துவிட்டு, என் முழங்காலைத் தேடித் தட்டினாள்.

"வுடு கண்ணு. பத்து வயசுக் கொயந்த. அன்னிக்கு நீ சொல்லியிருந்தாலும் யாரு கேட்டிருக்கப் போறாங்க?"

கேட்டிருப்பார்கள். அந்தக் கடையில் அப்பா, அம்மா, பாய் மூன்று பேரும் பேச்சை நிறுத்திவிட்டு, நான் சொல்லப்போவதற்காக என் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தார்கள். அத்தை அப்போது டிவிக்கு நேராக உட்கார்ந்திருந்தாள். நான் அவளுக்குப் பக்கவாட்டில் நின்றிருந்தேன். அவளால் அதைப் பார்த்திருக்க முடியாது.